ஆமை இறுக்கிய போல்ட்

என் மனைவியின் தம்பியை எங்கள் மெக்கானிக் ஷெட்டில் எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் நான்தான். மற்றவன் இரண்டு வண்டி முடிப்பதற்குள் இவன் ஒரு நட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பான். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. தெரிஞ்சும் உன்னை உள்ள விட்டேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்" என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வேன். அவன் சிரித்துக்கொண்டே துடைப்பான். உண்மையைச் சொன்னால், ஷெட் உருப்பட்டதே அவனால்தான். அவன் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததே கிடையாது. சாவியை என் கையில் கொடுக்கிறவர்கள்கூட, "ஆமைதானே பாப்பார்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போவார்கள். எனக்கு அது எரியும். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். என் மாமனாருக்கு ஐம்பது வயதிலேயே நினைவு தப்பிப்போனது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் தெருவை மறந்தார், கடைசியில் பெற்ற பிள்ளையைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டார். அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கடைசிவரை வைத்துப் பார்த்தவன் இவன். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"எனக்கும் அது வந்துட்டா முதல்ல நீங்கதான் மாமா சொல்லணும். மத்தவங்க பாவம் பார்த்து மறைச்சுடுவாங்க. நீங்கதான் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவீங்க."

"போடா, உனக்கு மறக்கிறதுக்கு முதல்ல மூளை இருக்கணுமே" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுகிற பெண்ணுக்கும் அவனுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தோம். ஒரு ஸ்க்ரூ வாங்கப் போனாலும் ஒரு மணி நேரம் கழித்து வருவான். ஆமைக்குக் கல்யாணம் என்று ஷெட்டே அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டரம்மாவின் பழைய கார் வந்தது. வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் சொட்டுகிறதாம். ஆமை ஒரு சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்தான். "கியர் ஆயில் மாமா. ஆக்ஸில் சீல் போயிடுச்சு" என்றான்.

சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டுதான் ஆக்ஸில். அது கியர் பாக்ஸுக்குள் நுழைகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். அதுதான் சீல். அது தேய்ந்துபோனால் உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே கசியும். உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான், ஆனால் மாற்றுவதற்கு வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, கியர் பாக்ஸுக்கு அடியில் இருக்கிற டிரெயின் போல்ட்டைத் திறந்து எண்ணெயை வடித்து, ஆக்ஸிலையே உருவியாக வேண்டும். ஆமை காலையிலிருந்து அதோடு கிடந்தான். பழைய சீலைச் சுற்றுவட்டத்தில் ஒரு கீறல் படாமல் நெம்பி எடுத்தான். புதியதன் உதட்டில் கிரீஸ் தடவி, கோணாமல் சுற்றிச் சுற்றித் தட்டி உட்கார வைத்தான். ஆக்ஸிலை உள்ளே விடும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். அதன் பற்கள் உரசினால் புது சீலும் கிழிந்துவிடும். டிரெயின் போல்ட்டை இறுக்கி, மேல் துளை வழியாகப் புது எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கீழே இறக்குவதற்கு முன்னால், "முடிஞ்சுது மாமா, ஒரு சொட்டு வராது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். சற்று நேரத்தில் டாக்டரம்மா வந்தார். வண்டியை இறக்கி நான்தான் சாவியைக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் அந்தக் கார் இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது. டிரெயின் போல்ட்டைக் காணோம். வழியிலேயே கழன்று விழுந்து, எண்ணெய் மொத்தமும் ரோட்டில் கொட்டி, கியர் பாக்ஸ் எரிந்து இறுகிப்போயிருந்தது. டாக்டரம்மா நடுரோட்டில் நின்ற ஆத்திரத்தையெல்லாம் என் தலையில் கொட்டினார். நான் ஆமையின் பக்கம் திரும்பினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

"என்னடா, உங்கப்பனுக்கு வந்தது உனக்கும் வந்துடுச்சா?"

ஷெட்டில் அத்தனை பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"இறுக்கினேன் மாமா" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "இறுக்கின மாதிரிதான் ஞாபகம் இருக்கு."

"இறுக்கின மாதிரியா? உங்கப்பனும் இப்படித்தான் சொல்வார்!"

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பாவி.

மறுநாள் காலையில் லேத் பட்டறைக்காரன் போன் செய்தான். "நேத்து மதியம் பேச்சு பாதியிலேயே நின்னு போச்சே. என்னமோ வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, 'இருடா, ஆமை இறுக்கின போல்ட்டைச் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டிருக்கேன்'ன்னியே, முடிச்சியா?" என்று கேட்டான்.

எல்லாம் அப்படியே கண்முன் வந்து நின்றது. யார் வேலை செய்தாலும் அவன் போன பிறகு யாருக்கும் தெரியாமல் அடியில் புகுந்து போல்ட்டை அரைச்சுற்று தளர்த்தி மறுபடி என் கையால் இறுக்குவது என் வழக்கம். பெரிய மேஸ்திரி என்கிற திமிர். அன்றைக்குத் தளர்த்தினேன். போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே வந்தேன், எதிரே டாக்டரம்மா நிற்கவும் போனை வைத்துவிட்டேன். இறுக்கவில்லை.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஷெட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நேற்று அவ்வளவு கத்திவிட்டு இன்றைக்கு, "நான்தான்" என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டேன். சாயங்காலம் நாளைக்கு ஆனது. நாளைக்கு அடுத்த வாரம் ஆனது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட ஜென்மம்!

ஆமை சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். கதவு பூட்டியாச்சு, கேஸ் மூடியாச்சு, ஜாக்கியை எடுத்தாச்சு என்று எல்லாவற்றையும் எழுதினான். முடித்த வண்டிக்கு அடியில் நாலு தடவை புகுந்து பார்த்தான், அப்படியும் சாவியைக் கொடுக்கக் கை வரவில்லை. மூன்றாம் மாதம் என் முன்னால் வந்து நின்றான்.

"நான் இனிமே வண்டியில கை வைக்கல மாமா. என்னால யாருக்காவது ஏதாவது ஆயிட்டா தாங்க முடியாது."

அந்த வாரமே கல்யாணத்தையும் வேண்டாம் என்றான். காரணம் கேட்டு என் மனைவி அழுதாள், சண்டை போட்டாள், மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தோம், அவனுக்கு அது தெரியாது. அந்தப் பெண் ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் ஒரு ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். ஒருமுறை, "பிடிச்சிருக்காடா?" என்று கேட்டேன்.

"இதுல மறக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல மாமா" என்றான்.

இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் என் மனைவி அவனுடைய நோட்டைப் பார்த்துவிட்டு, அவனைப் பிடிவாதமாக ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். தலையைப் படம் எடுத்து, கேள்விகள் கேட்டு, எல்லாம் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"உனக்கு ஒண்ணுமே இல்லப்பான்னு டாக்டர் அடிச்சு சொல்றாருங்க. இவன் நம்ப மாட்டேங்கிறான். 'அப்போ அந்த போல்ட் எப்படி சார் கழண்டுச்சு?'ன்னு அவரையே கேக்கிறான். டாக்டர் முழிக்கிறார். எந்த போல்ட்டுங்க அது?"

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை, உள்ளே ஒரு ஸ்டூல். அவன் எழுந்து எனக்கு அதைப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், போன் வந்தது முதல் மறுநாள் லேத்காரன் கேட்டது வரை. என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவன் முகம் முதலில் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது. "அப்போ நான் இறுக்கினேன்! இறுக்கினேன்னு சொன்னேன்ல மாமா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். சட்டைப்பையில் இருந்த நோட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிறகு அது மெல்ல நின்றது.

"மறுநாளே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அவகிட்ட நான் என்ன சொன்னேன்னு தெரியுமா மாமா? ஒருநாள் உன் பேரே எனக்கு மறந்துபோயிடும், நீ வேற ஆளைப் பாத்துக்கோன்னேன். மறந்தா என்ன, தினமும் நான் சொல்லித் தரேன்னா. அதுக்கும் வேண்டாம்னுட்டேன்."

"திட்டுடா" என்றேன். "செருப்பால அடிடா. வாங்கிக்கிறேன்."

வெளியே ஒரு கார் ஹார்ன் அடித்தது. அவன் டோக்கனைக் கிழித்து நீட்டினான், வழியை மறிக்கிற கட்டையைத் தூக்கினான், இறக்கினான். எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னான்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. நான் சொன்னா, மறதியில ஏதோ உளர்றேன்னு நினைச்சுக்குவா."