ஒமேரா மோந்து பார்த்த ஈட்டி

ஏரிக்கரை ஊரான துகாயாவில் பித்தளைப் பாத்திரங்களுக்கு மெருகேற்றிப் பிழைப்பவள் ஒமேரா. ஆனால் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் அவளைத் தேடி வருவது வேறு காரியத்துக்கு. மாப்பிள்ளை வீட்டார் சீராகக் கொண்டுவரும் ஈட்டி உண்மையிலேயே பரம்பரைச் சொத்தா, எந்த ஊர் வேலை, எத்தனை தலைமுறை கண்டது என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

காம்பை அவள் பொருட்படுத்தவே மாட்டாள். "காம்பு சட்டை மாதிரி. கிழிஞ்சா மாத்திக்கறதுதான்" என்பாள். அலகில் எலுமிச்சை தேய்த்து, இரும்பை மடித்து மடித்து அடித்த ரேகை எழும்புகிறதா என்று பார்ப்பாள். பிறகு அலகையும் காம்பையும் இணைக்கும் பூண். வெள்ளிப் பட்டை போட்டிருந்தால் பெரும்பாலும் சூலுத் தீவு. கெட்டிப் பித்தளையில் கொடி சுருண்டு ஓடினால் ஏரிக்கரை. கடைசியாகப் பூணை விளக்கில் லேசாகச் சூடுகாட்டி மோந்து பார்ப்பாள். உள்ளே அலகை இறுக்கிப் பிடித்திருக்கும் மரப்பிசின் வாசனையில் பொய் சொல்லாது.

இப்படி ஊரார் ஈட்டியெல்லாம் பார்த்தவள், சொந்த வீட்டு ஈட்டியை மட்டும் பார்த்ததில்லை. அது கணவனின் தம்பி கோசாயினிடம் மஞ்சள் துணியில் சுற்றிக் கிடந்தது. பிரிக்கச் சொன்னால், "நம்ம வீட்டுப் பொருளையே சந்தேகப்படறீங்களா அண்ணி?" என்று முறைப்பான்.

அவள் மகன் அமெரிலின் கல்யாணத்துக்குச் சீராகப் போனது அந்த ஈட்டிதான். பரம்பரை ஈட்டி ஒன்று வந்தால்தான் பெண் என்று பெண்ணின் மாமா மம்புவாய் முன்பே சொல்லியிருந்தார். பெண் வீட்டுக் கூடம் நிறைய ஜனம். துணியைப் பிரித்தார்கள்.

"பார்த்துச் சொல்ல யாரைக் கூப்பிட?" மம்புவாய் சிரித்தார். "ஏரியை எத்தனை சுத்து சுத்தினாலும் உங்ககிட்டத்தான் வந்து நிக்கணும். நீங்களே சொல்லிருங்கம்மா."

ஒமேரா எலுமிச்சை கேட்டாள். ரேகை அலையலையாக எழும்பியது. பித்தளையில் கொடி அழகாக ஓடியது. அமெரில் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. பூணை விளக்கில் காட்டி மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பிசின்தான் அண்ணி. சொல்லுங்க, நேரமாகுது" என்று கோசாயின் காதருகே கெஞ்சினான்.

அவள் மகனைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

"அலகு நம்ம ஏரிக்கரை வேலை. ஆறு தலைமுறை இருக்கும். பூண் இதுக்குப் பொறந்தது இல்ல. பழைய பூண் பிடிச்ச தடம் கழுத்துல வேற இடத்துல இருக்கு பாருங்க. உள்ள இருக்கிறது பிசினும் இல்ல, ரோட்டுத் தார்."

கூடம் கொல்லென்று சிரித்தது. கோசாயின் முகம் கறுத்தது. "செத்துப்போன எங்க வாப்பா மேல சேத்தை வாரி இறைக்கிறீங்களே!"

"சேறு இல்ல தம்பி, தாருதான். ரோடு போட்ட வருஷம் உங்க வாப்பா ஒட்டியிருப்பாரு. நல்லாத்தான் ஒட்டியிருக்காரு, இன்னும் ஆடல."

மம்புவாய் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப பரம்பரைச் சொத்தா, இல்லையா?"

"அலகு பரம்பரை. பூண் இல்ல. பாதியை முழுசுன்னு என் மகனுக்காகக்கூடச் சொல்ல மாட்டேன்."

மம்புவாய் எழுந்து உள்ளே போனார். சம்பந்தம் முறிந்தது என்றே ஒமேரா நினைத்தாள். ஆனால் அவர் திரும்பி வந்தபோது கையில் ஐந்து ஈட்டிகள் இருந்தன.

"உங்க சீரை ஏத்துக்கிட்டேன், ஈட்டியை உள்ள வைக்கச் சொல்லிட்டேன். சொந்த வீட்டுக் குறையைச் சபையில சொன்னவங்க, அலகு ஆறு தலைமுறைன்னா அது ஆறுதான். இதுகளையும் பாருங்க. நாளைக்கு உங்க பேரனுக்குப் போற பொருள்."

ஒமேரா வரிசையாகப் பார்த்தாள். நான்கு நல்லவை. ஐந்தாவதைக் கையில் எடுத்ததுமே கீழே வைத்தாள்.

"இது சந்தையில வாங்கினது. உங்க வயசு இருந்தா அதிகம்."

இந்த முறை முதலில் சிரித்தவர் மம்புவாய்தான்.

மஞ்சள் சோற்றுப் பந்தியில் கோசாயின் பக்கத்து இலைக்காரனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க அண்ணிய்யா அது. அந்த மூக்கை ஏமாத்த இந்த ஏரிக்கரையில எவன் இருக்கான்?"