தனபால் போட்ட சைன் கணக்கு

கோவை கணபதியில் ஷெட் கூரை போடும் பட்டறைகளில் மேஸ்திரி 'கணக்கு' தனபாலைத் தெரியாதவர் கிடையாது. பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. அந்த நூறை வைத்துக்கொண்டு மனுஷன் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, "சைன்னா என்னங்க தம்பி?" திருதிருவென்று விழிப்பவன் அன்று முழுக்க டீ கிளாஸ் கழுவ வேண்டியதுதான். கழுவி முடித்ததும் அவரே ஒப்பிப்பார்.

"எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால வகுத்தா சைன். அடுத்த பக்கத்தைக் கர்ணத்தால வகுத்தா காஸ். எதிர்ப்பக்கத்தை அடுத்த பக்கத்தால வகுத்தா டேன். இதுகூடத் தெரியாம சோறு திங்கறீங்களேப்பா."

ஒப்பிப்பதில் ஓர் எழுத்து பிசகாது. பிசகியதெல்லாம் வேலையில்தான். நடுத்தூண் சுவரைவிட எவ்வளவு உயரம் எழ வேண்டும் என்று பார்க்க, சுவரிலிருந்து தூண்வரை தரையை டேப்பால் அளப்பார். அதைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்குவார். தரை எங்கேயாவது கர்ணமாகுமா? சாய்ந்து ஏறும் கூரையல்லவா கர்ணம்? தரையை அளந்தவர் டேன் அல்லவா போட்டிருக்க வேண்டும்? ஆனால் கோவையில் ஷெட்டெல்லாம் தாழ்ந்த சாய்வு. அதில் சைனுக்கும் டேனுக்கும் வித்தியாசம் ஒரு விரற்கடைதான். தூண் ஒவ்வொரு முறையும் அந்த விரற்கடை குறையும். பழி, தூணுக்குக் குழாய் அறுக்கும் கதிரேசன் தலையில் விழும்.

"கண்ணை எங்க வெச்சுட்டு அறுத்தீங்க?"

"நீங்க சொன்ன அளவுதானுங்கண்ணா."

"அப்ப என் கணக்குத் தப்புங்கறீங்க?"

பட்டறையே சிரிக்கும். கதிரேசன் இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைத்து இடைவெளியை மூடுவான். வருஷக்கணக்காக இதே கூத்து. ஒருநாள் அவன் பெண்டாட்டி சோற்றுப் போசியோடு வாசலில் நிற்கும்போதே, "கண்ணு தெரியாத ஆளுக்கு இங்க வேலையில்லீங்க" என்று அனுப்பிவிட்டார் தனபால். பாவி மனுஷன். கொண்டுவந்த சோற்றை அவளே திருப்பி எடுத்துப் போனாள்.

அப்புறம் வால்பாறை வேலை வந்தது. "அந்த எஸ்டேட் குடோன் கூரையை முடிச்சுக் குடுத்துப்போடுங்க தனபாலு. பட்டறை போர்டுல எம்பேருக்குப் பக்கத்துல உங்க பேரையும் எழுதிப்போடலாம்" என்றார் முதலாளி ஈஸ்வரமூர்த்தி. அந்தப் போர்டுக்காகத்தான் தனபால் வாலிபம் முழுக்க அங்கேயே கிடந்தார். அதனால் யாரையும் நம்பாமல், எஸ்டேட்காரர்கள் போனில் சொன்ன தரையளவை வைத்துத் தானே கணக்குப் போட்டு, தானே தூணை அறுத்தார்.

மலையில் மழை வழிந்தோட வேண்டுமே, கூரை அங்கே செங்குத்தாக ஏறும். குடோனின் இரண்டு பக்கச் சுவர்களும் முக்கோணமாக எழும்பி நின்றன. கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிவந்த தூணை நடுவில் நிறுத்தினார்கள். சுவரின் உச்சிக்கு இரண்டரை அடி கீழேயே அது நின்றுவிட்டது. எந்த இரும்புத் துண்டு வைத்து அதை மூடுவது? தனபால் பழக்கதோஷத்தில் திரும்பிக் கதிரேசனைத் தேடினார்.

கூட வந்திருந்த முதலாளி, தனபாலின் கணக்குச் சீட்டை வாங்கிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏனுங்க தனபாலு, சைன்னா என்னங்க?"

தனபால் ஒப்பித்தார்.

"இதுல கர்ணம் எதுங்க?"

தனபாலின் விரல் சுவரின் சாய்வைக் காட்டியது.

"நீங்க பெருக்குனது எதைங்க?"

தனபால் தரையைப் பார்த்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவரிடம் கிளாஸ் கழுவியவர்கள். ஒருத்தன்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"டீ கிளாஸ் கெடக்குதுங்க. கழுவிப்போட்டு வந்துருங்க."

அவர் மலையிறங்குவதற்கு முன்னே கதை இறங்கிவிட்டது. கணபதியில் வேறு எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. முதலாளி கதிரேசனைக் கூப்பிட்டு மேஸ்திரி ஆக்கினார். தனபாலைக் குழாய் அறுக்க வைத்தார். அவர் அறுக்கும் ஒவ்வொரு குழாயிலும் கதிரேசன் டேப் வைத்துப் பார்க்கிறான். அளவு கச்சிதமாக இருக்கிறது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"குறையுதுங்கண்ணா. கண்ணை எங்க வெச்சுட்டு அறுத்தீங்க?"

"தப்புதானுங்க" என்று சொல்லிவிட்டு, தனபால் அடுத்த குழாயை எடுக்கிறார்.