பட்டி பார்க்காத சுவர்

பதினாறு வருஷமாகப் பெயிண்டருக்கு டெய்லரக்காமேல் ஒரு மனக்குறை. அந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்தவன் அவன். அவள் வீட்டுப் படியை மட்டும் மறுபடி மிதித்ததில்லை. கூப்பிடாமல் விட்டால்கூடப் பரவாயில்லை. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "அந்தாளு கை பட்ட சுவத்தை நம்பாதீங்க, மூணு மாசத்துல பல்லை இளிச்சிரும்" என்று ஓதிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 'இளிச்ச சுவர்' என்றே அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்தது.

அவள் சொன்னதில் பொய் இல்லை. எரிச்சலே அதுதான். அந்த வீட்டை அவள் வாங்குவதற்கு முந்தின வாரம், பழைய சொந்தக்காரர் சொன்னபடி மேற்குச் சுவரின் ஈரத்தை, மேலே மாவைப் பூசி இரண்டு கை பட்டி பார்த்து மறைத்தவன் அவன்தான். கூலிக்கு வந்தவன் வேறென்ன செய்வான்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று இத்தனை வருஷமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் போன் போட்டாள். வீட்டை விற்கப் போகிறாளாம், பெயிண்ட் அடிக்க வரணுமாம். கடைத்தெருவில் மாடி அறையோடு ஒரு கடை விலைக்கு வந்திருந்தது. முன்பு வாடகை வீட்டிலும் பிறகு இங்கேயுமாக வீட்டு மூலையில் முப்பது வருஷம் மிஷின் மிதித்தவளுக்குத் தன் பெயரில் ஒரு போர்டு மாட்டிப் பார்த்துவிட ஆசை. மாசக் கடைசிக்குள் வீடு விற்காவிட்டால் கடை கைநழுவும்.

இப்போது வந்தாயா வழிக்கு என்று மீசைக்குள் சிரித்தபடி போனான் பெயிண்டர். தரகர் ஏற்கெனவே அங்கே நின்று சட்டம் பேசிக்கொண்டிருந்தார்.

"வர்றவங்க மொதல்ல மூக்காலதான் பாப்பாங்க டெய்லரம்மா. ஜன்னலைத் தொறந்து வைங்க. துணி மூட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. அந்தச் சுவத்துக்குப் பட்டி பாத்து, முன்னாடி பீரோவை நிறுத்திருங்க."

அவள் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "ஜன்னலைத் தொறக்கறேன். மூட்டையைத் தள்றேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டாச்சு. அந்தச் சுவத்துல மட்டும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

மிஷினுக்குப் பின்னால் இருந்த மேற்குச் சுவரைப் பெயிண்டர் பார்த்தான். ஒவ்வொரு மழைக்கும் ஈரம் ஏறிய உயரத்தை டேப்பால் அளந்து, கத்தரிக்கோல் முனையால் கோடு கீறி, வருஷமும் அங்குலமும் குறித்திருந்தாள். பதினொன்று, பதினெட்டு, ஒரு பெருமழை வருஷத்தில் இருபத்தெட்டு. தன் மார்க் சீட்டை யாரோ சுவரில் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"இதைக் காட்டினா எவன் வாங்குவான்?" என்றார் தரகர். "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறது இதுதான்."

"என் தலையில கட்டுனாங்க. நான் இன்னொருத்தி தலையில கட்ட மாட்டேன். விக்காட்டி இங்கயே கெடந்துட்டுப் போறேன், போங்க!"

மற்ற சுவர்களைப் பெயிண்டர் நாலு நாள் இழைத்தான். இவள் வாயால் குறை கேட்கக் கூடாது என்ற வீம்பு. வீடு பளிச்சென்று ஆனது. இரண்டு குடும்பம் வந்து மேற்குச் சுவரைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

மாசம் முடிய மூன்று நாள். ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வருவதாக இருந்தது. அக்கா கொல்லைப்பக்கம் போன நேரம், "ஒரு கை புடிப்பா" என்றார் தரகர். பழகின கை சும்மா இருக்குமா? பெயிண்டர் பிடித்தான். சுவரை மறைத்து நின்றது பீரோ.

அக்கா உள்ளே வரவும், அவர்கள் வாசலில் ஏறவும் சரியாக இருந்தது. பீரோவையும் பார்த்தாள், இவனையும் பார்த்தாள்.

"நகத்து" என்றாள்.

வேண்டாம் என்று தரகர் கண்ணைக் காட்டினார். பெயிண்டர் தோள் கொடுத்து நகர்த்தினான்.

டிரைவர் மனைவி கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து, பெயிண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, பட்டி பாத்தா நிக்குமா?"

'நிக்கும்மா' என்பதுதான் அவன் தொழில் முழுக்கச் சொன்ன பதில். தொண்டைவரை வந்தது.

"நிக்காதும்மா" என்றான். "மூணு மாசத்துல பல்லை இளிச்சிரும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, அடியில ஈரம் ஏறாம தடுத்துட்டுப் பூசணும். போன தடவை மறைச்சது நான்தான்."

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணோ கணவனைப் பார்த்தாள். "பாத்த வீட்டுல எல்லாம் பீரோவுக்குப் பின்னாடி என்ன இருக்கோன்னு திக்குதிக்குன்னு இருந்துச்சு. இங்க அந்தப் பயம் இல்லை."

சுவர் வேலைக்கான தொகையை விலையில் கழித்துக்கொண்டு அவர்களே வாங்கினார்கள். கொத்துகிற வேலை பெயிண்டருக்கே வந்தது.

மிஷினை வண்டியில் ஏற்றிய அன்று, இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று வாசலில் நின்றான். அக்கா கத்தரிக்கோலை அவன் கையில் வைத்தாள்.

"பூசி முடிச்சதும், ஈரம் காயறதுக்குள்ள, சுவத்துக்கு அடியில உன் பேரைக் கீறி வை. பட்டப்பேரு இல்ல, உங்கம்மா வச்ச பேரு. அடுத்த மழைக்கு டேப்போட வருவேன்."