வானத்து டிரைவருக்கு என்ன நோய்?

போன வியாழக்கிழமை மாலை என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பேசத் தெரியாத ஆளா நான்? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களை அறுத்துக்கொண்டிருப்பவன்! ஆனால் அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முடியவில்லை.

இடம் – சுங்கை லாலாங்கில் என் அக்கா வீடு. மறுநாள் வெள்ளி, கெடா மாநிலத்தாருக்கு ஓய்வு நாள் அல்லவா? மெர்கோங்கிலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். லூர்து அக்கா அடுப்படியில். அவள் கணவர் சவரிமுத்து மச்சான் டிவிக்கு முன்னால். நான் அவர் பக்கத்தில்.

ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பேட்டி நிகழ்ச்சி. கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் மெல்ல வந்து உட்கார்ந்தார். எனக்கு யாரென்றே பிடிபடவில்லை. மச்சான் எழுந்து நின்றுவிட்டார்.

“மாப்ள... நம்ம டிரைவர்லா! உசுரோட இருக்காருலா!”

கண்ணில் தண்ணீர். பேரன் எடுத்த மனிதருக்கு!

பேட்டி எடுத்தவன் என்னமோ கேட்டான். கிழவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். மச்சானுக்கு இங்கிலீஷ் வராது. மலாய் நன்றாகப் பேசுவார். ஆனால் திரைக்குக் கீழே எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அவர் கண் ஓடாது. “என்ன சொல்றாரு மாப்ள?” என்று என் முழங்கையை இடித்தார்.

அந்தப் பதிலைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்று புரிய, எழுபதுகளின் கடைசிக்குப் போக வேண்டும்.

அப்போது நான் சுங்கைப்பட்டாணியில் வாத்தியார். சாப்பாடு, படுக்கை எல்லாம் அக்கா வீட்டில். மச்சான் எஸ்டேட் லாரி டிரைவர். விடியற்காலையில் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளை லாரியில் ஏற்றிப் பீடோங் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். திரும்பி வந்து ரப்பர் பால் ஏற்றுவார். பகலெல்லாம் அதே வண்டி, அதே செம்மண் ரோடு.

வியாழக்கிழமை ஆனால் மட்டும் அவர் வேறு ஆள். குளித்து, தலை வாரி, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். விண்வெளித் தொடர்! வருடக்கணக்காக ஓடிய தொடர் அது. ஒரு கப்பல் நட்சத்திரம் நட்சத்திரமாக அலையும். அதில் அழகான கதாநாயகன் இருந்தான், அழகான கதாநாயகியும் இருந்தாள். மச்சான் இரண்டு பேரையும் சட்டை செய்யவில்லை. அவருக்குப் பிடித்தது கப்பலை ஓட்டும் நரைத்தலைக்காரரை. ஏன்? அவரும் டிரைவர், இவரும் டிரைவர்... வேறென்ன வேண்டும்?

அந்த நடிகரின் பெயர் மச்சான் வாயில் நுழையாது. ‘வானத்து டிரைவர்’ என்றார். லயம் முழுக்க அதே பெயர் நிலைத்துவிட்டது. கப்பல் கிளம்புமுன் அந்த மனிதர் முன்பலகையைச் செல்லமாகத் தட்டிக் கொடுப்பார். மச்சானும் லாரியைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளப்புவார். யார் யாரைப் பார்த்துக் கற்றது? கேட்டால், “நான் அதுக்கு முன்னுக்கே தட்டுறவன்லா” என்பார்.

மொழிபெயர்ப்பு என் வேலை. நான் கொஞ்சம் அசந்தால் ஒரு கிரகமே வெடித்துச் சிதறியிருக்கும்; மச்சானுக்கு ஏன் என்று தெரியாது. திட்டு எனக்கு விழும்.

ஒரு வருடம் புதுப் பாகங்கள் வந்தன. முதல் வாரமே மச்சான் முகம் சுருங்கியது.

“மாப்ள, டிரைவர் ஏன் எந்திரிக்கவே மாட்றாரு?”

கவனித்தேன். உண்மைதான். முன்பெல்லாம் இரும்பு ஏணியில் சரசரவென்று இறங்கி இயந்திரத்தைப் பார்ப்பவர், இப்போது நாற்காலியைவிட்டு நகரவில்லை. கிரகத்தில் இறங்க வேண்டுமானால் ஒரு சின்னப் பையனை அனுப்பினார்கள்.

“கதை அப்படி மச்சான்.”

“கதையாவது கத்திரிக்காயாவது. ஒடம்பு சரியில்ல அவருக்கு.”

அதிலிருந்து வியாழக்கிழமை என்றாலே வீட்டில் கவலை. கப்பலை எந்த அரக்கன் தாக்குகிறான், யார் பிழைத்தார்கள்... ஒன்றும் அவருக்கு வேண்டாம். டிரைவர் முகத்தையே உற்றுப் பார்ப்பார். “மொகம் வெளுத்துப்போச்சு பாரு” என்பார். மச்சான், இது கறுப்பு வெள்ளை டிவி, இதில் எல்லார் முகமும் வெளுத்துத்தான் இருக்கும் என்று சொன்னால் காதில் வாங்க மாட்டார். பேப்பரில் ஏதாவது போட்டிருக்கிறானா என்று தினமும் என்னை நச்சரித்தார். ஒன்றும் போடவில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயம். மறைக்கிறார்களாம்!

கடைசியில் கோயிலுக்குப் போய், பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிக் காசே கொடுத்துவிட்டார். நானும் கூட நின்றேன்.

“யாருக்காக?” என்றார் ஃபாதர்.

“டிரைவருக்கு, சாமி. ஒடம்பு சொகமில்ல.”

“எந்த எஸ்டேட்டு?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“வெளியூரு, சாமி.”

ஞாயிறு பூசையில் ஃபாதர் கணீரென்று வாசித்தார் – நோயுற்றிருக்கும் டிரைவர் ஒருவருக்காக மன்றாடுவோம். அவ்வளவுதான்! கோயிலே திரும்பி மச்சானைப் பார்த்தது. பூசை முடிந்ததும் ஆளுக்கு ஆள் வந்து கையைப் பிடித்தார்கள். “என்னாண்ணே செய்யுது ஒடம்புக்கு?” என்று கேட்டார்கள். மச்சான் சிரித்துச் சிரித்து மறுத்தார். “எனக்கில்லலா! எனக்கு என்னா, கல்லு மாதிரி இருக்கேன்!” நானும் சிரித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை. தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே போனார்.

“பாரு மாப்ள, எடது கைய தேய்க்கிறாரு. மரத்துப் போயிருக்கும். சும்மா ஒக்காந்திருந்தாலே வேர்க்கும். நெஞ்சுல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கும்...”

பார்த்தேன். திரையில் அந்த மனிதர் கையைத் தேய்க்கவில்லை. வேர்வையும் இல்லை. ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்.

“...ராத்திரி படுத்தா மூச்சு முட்டும். எந்திரிச்சி ஒக்காந்தாத்தான் கொஞ்சம் நெதானமாவும். பாவம்.”

அக்காவின் கை நின்றது.

“என்னாங்க,” என்றாள். “அவரு படுக்கறத எந்த வாரத்துல காமிச்சான்?”

திரையில் கப்பல் எங்கோ பறந்துகொண்டிருந்தது. நான் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம் இல்லை... வியர்த்துவிட்டது. ஓய்வு நாள் கழிந்ததும் இந்த மனிதர் லயத்துப் பிள்ளைகளை லாரியில் ஏற்ற வேண்டும்.

“எத்தன நாளாங்க?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லலா. வாயு.”

“எத்தன நாளா?”

“...தீவாளிக்கு முன்னுக்கேருந்து.”

அக்கா கத்தவில்லை, அழவில்லை. ஆணியில் தொங்கிய லாரிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவ்வளவுதான். மச்சான் கெஞ்சினார், அதட்டினார், எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸர் கொடுத்த மருந்தே போதும் என்றார். வண்டியைத் தொடாவிட்டால் வேலை போய்விடும் என்றார். கடைசியில் அவள் சொன்னது இதுதான்: “நம்ம புள்ளையும் அதே லாரியிலதான் போவுது.”

மச்சான் எழுந்து டிவியை அணைத்தார்.

மறுநாள் காலையில் டாக்சி பிடித்து அலோர்ஸ்டார் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு மூச்சு தாமதமானால் என் மூச்சு நின்றது. அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில். அக்கா கையில் ஜெபமாலை இருந்தது, ஆனால் விரல் நகரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தோம், வேறு யாரையோ கூப்பிடுவார்கள், உட்கார்ந்தோம். அந்தப் பெஞ்சு என் உடம்பில் இன்னும் வலிக்கிறது.

டாக்டர் வந்தார். இருதயம் என்றார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் வண்டி ஓட்டும்போதே விழுந்திருப்பார் என்றார்.

பிழைத்தார். வண்டி போயிற்று, மேனேஜர் பெரிய மனது பண்ணி ஸ்டோரில் வேலை கொடுத்தார். வாழ்நாள் முழுக்க மாத்திரை. முதலில் அதுதான் பெரிய தகராறு. மாத்திரை என்றாலே ஓடுகிற மனிதர். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

“டிரைவரும் அங்க மாத்தர போட்டுக்கிட்டுத்தான இருப்பாரு? அவரு போடறப்ப நான் போட மாட்டேனா?”

தன் நோயை அந்த மனிதர்தான் காட்டிக்கொடுத்தார் என்பது மச்சானின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒவ்வொரு ஞாயிறும் அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி. சீக்கிரமே இங்கே அந்தத் தொடரை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் இருக்கிறாரா, இல்லையா? தெரியவில்லை. அந்தக் கவலையோடேயே இத்தனை வருடம் மாத்திரையை விழுங்கிக்கொண்டு வந்தார் என் மச்சான்.

இப்போது புரிகிறதா போன வியாழக்கிழமை என் நாக்கு ஏன் ஒட்டிக்கொண்டது என்று?

பேட்டி எடுத்தவன் கேட்டது: ஒரு வருடம் முழுக்க நீங்கள் நாற்காலியைவிட்டு எழவே இல்லையே, என்ன ஆயிற்று? கிழவர் சொன்ன பதில்: குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன், கணுக்கால் சுளுக்கு, சரியாவதற்குள் அந்த வருடத்துப் பாகங்களையெல்லாம் எடுத்து முடித்துவிட்டார்கள். மற்றபடி எனக்கு வாழ்க்கையில் ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை!

“என்ன மாப்ள? நோவப் பத்தித்தான கேக்குறான்?”

அக்கா மாத்திரையும் தண்ணீருமாக அடுப்படி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டாள். லேசாகத் தலையை ஆட்டினாள் – வேண்டாம் என்று. எனக்கும் அதே பயம்தான். அந்த மனிதருக்கு நோயே இல்லை என்றால் இந்த மனிதர் மாத்திரையை நிறுத்திவிட்டால்?

ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிய மனிதர்.

“சுளுக்கு, மச்சான்.”

“என்னாது?”

“கால் சுளுக்கு. அதான் எந்திரிக்கலையாம். வேற ஒண்ணுமே இல்லையாம்.”

மச்சான் திரையைப் பார்த்தார். கிழவர் எழுந்து கையசைத்துவிட்டுப் போனார். நன்றாகவே நடந்தார். விளம்பரம் வந்தது, போனது.

“சுளுக்கோட,” என்றார் மச்சான் மெதுவாக, “ஒரு வருசம் பூரா கப்பல ஓட்டிருக்காரு. எம்.சி. லீவுகூட எடுக்கல. பாத்தியா மாப்ள... டிரைவர்னா அவருதான்லா!”

பிறகு அக்காவிடம் கையை நீட்டினார்.

“கொண்டா. எனக்கென்ன சுளுக்கா?”

விழுங்கினார். அக்கா அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை.

மெழுகுவர்த்தி நின்றுவிட்டதா என்று கேட்கிறீர்களா? இந்த ஞாயிறும் எரிந்தது – வானத்து டிரைவருடைய கணுக்காலுக்காக.