ஐஸ் போடாத கறுப்பு பியர்

மூன்று வருடங்களுக்கு முன், கொட்டாஞ்சேனையில் என் கணவரின் குடும்ப வீட்டில் நடந்தது இது. அன்று அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலின் பெருநாள். தெரு முழுக்கக் கொடி கட்டி, வீட்டுக்கு வீடு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெயில் இறங்கத் தொடங்கிய நேரம். நான் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று கணவாய் பொரித்துக்கொண்டிருந்தேன். கணவாயை விட நான்தான் அதிகம் பொரிந்துகொண்டிருந்தேன் என்றால் அது பொய்யில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வெள்ளவத்தையில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் போத்தல் என்றால் நல்லெண்ணெய்ப் போத்தல்தான். காதலித்து, கத்தோலிக்கக் குடும்பத்தில் கல்யாணம் செய்தேன். மகள் பிறந்த பிறகு உடம்பு தேறாமல் துவண்டு கிடந்தபோது, கணவரின் தாயான மாமி ஒரு கிளாஸில் கறுப்பாக எதையோ ஊற்றி, முட்டை அடித்துக் கலந்து கொண்டுவந்தார்.

“கண்ணை மூடிக்கொண்டு குடியும் பிள்ளை. மருந்து” என்றார்.

அது ஸ்டவுட் என்கிற கறுப்பு பியர். பிள்ளை பெற்றவளுக்கு அதைக் கொடுத்தால் தெம்பு வரும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. இன்றைக்கு டொக்டர்மார் கேட்டால் ஏசுவார்கள், நானும் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் மருந்து முடிந்த பிறகும் ருசி என்னை விடவில்லை. வறுத்த கோப்பிக்கொட்டையின் வாசம், கொஞ்சம் கித்துள் மரத்துப் பாணியின் இனிப்பு, விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கி நிற்கிற கசப்பு. முட்டை இல்லாமல் அது இன்னும் நன்றாக இருக்கும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

பிறகு எப்போதாவது ஒரு சனிக்கிழமை, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் பல்கனியில் இருந்து இவரும் நானும் ஆளுக்கொரு கிளாஸ் குடிப்போம். இவருக்கு வெளிறிய லாகர் பியர், அதுவும் ஐஸ் போட்டு. எனக்குக் கறுப்பு, ஐஸ் போடாமல். பியருக்குள் ஐஸ் போடுகிறவரைப் பார்த்தால் எனக்குச் சோற்றுக்குள் தண்ணீர் ஊற்றுகிறவரைப் பார்ப்பது போல இருக்கும். இதைச் சொல்லியே நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம்.

கொட்டாஞ்சேனை வீட்டில் இந்தக் கதையெல்லாம் நடக்காது. அங்கே ஆண்களுக்கு முன் ஹோலில் பியர். பெண்களுக்கு ஜிஞ்சர் பியர், மிஞ்சினால் சின்னக் கிளாஸில் இனிப்பு வைன். அதே வீட்டில் மருந்தென்றால் பெண் ஸ்டவுட் குடிக்கலாம், பிடிக்கும் என்றால் கூடாது! பெருநாள் அன்று வருகிற ஆண்களுக்குக் குடிக்கும்போது கொறிக்க பைட்ஸ் வேண்டும். கணவாய், இறால், மரவள்ளி என்று பொரித்தும் பிரட்டியும் அனுப்புவது பெண்களின் வேலை. அதனால் கல்யாணமான நாளிலிருந்து கோயில் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவால் வரும் பவனியை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. பாண்ட் வாத்தியமும் வெடிச்சத்தமும் அடுப்படி ஜன்னலால் கேட்கும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வருடம் என் மகள் பவனியில் நடக்கிறாள். முதல் நன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, எடுத்த பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு, சொரூபத்துக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு போவார்கள். காலையில் தலை சீவும்போது கேட்டாள், “அம்மா, நீங்கள் வாசலில நிப்பீங்கள்தானே?” கட்டாயம் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன்.

இவருடைய மூத்த அண்ணாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் பெருநாள் நடத்துவது அவர்தான்.

“பவனி வாற நேரத்திலதான் ஆக்கள் கூட வருவினம், தங்கச்சி. பைட்ஸ் சுடச்சுட வேணும். பிள்ளை எப்படியும் வீட்டுக்குத்தானே வரும், அப்ப பாருங்கோவன்” என்றார்.

இவர் பக்கத்தில் நின்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன அதிசயம் கண்டாரோ தெரியாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

மாலையில் பொரித்த கணவாயை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனேன். அத்தான் ஐஸ் மிதக்கிற லாகர் கிளாஸோடு நண்பர்களுக்கு நடுவில் இருந்து பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். மேசையில் விருந்தாளிகளுக்கென்று விதம்விதமான போத்தல்கள். அவர் ஸ்டவுட் போத்தலைத் தூக்கிக் காட்டி, “இது பியரா? கசாயம். பிள்ளை பெத்த பொம்பிளையளுக்குக் குடுக்கிற சாமான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் வாய் சும்மா இருக்காது. “ஐஸ் தண்ணியில பியர் கலந்து குடிக்கிற ஆக்களுக்கு அதின்ர ருசி எப்படித் தெரியும் அத்தான்?” என்று கேட்டுவிட்டேன்.

அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

“அப்ப தங்கச்சிக்குத் தெரியும் என்ன? கண்ணைக் கட்டிவிட்டு லாகர், ஸ்ட்ரோங், ஸ்டவுட் மூண்டையும் தந்தால் எது எது எண்டு சொல்லுவீங்களோ?”

“சொல்லுறன். சரியாச் சொன்னால் இண்டைக்குப் பைட்ஸ் நீங்கள் பொரிக்கவேணும். நாங்கள் எல்லாரும் வாசலுக்குப் போவம்.”

“பிழைச்சால்?”

“அடுத்த பெருநாளுக்கும் நானே தனியப் பொரிக்கிறன்.”

அத்தானின் மனைவியை நான் அக்கா என்பேன். அவர் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, ஒரு துவாயால் என் கண்ணைக் கட்டினார். கட்டும்போது என் தோளை ஒரு தரம் அமத்தினார். பின்னால் கிளாஸ்கள் உரசும் சத்தமும், யாரோ அடக்கிச் சிரிக்கும் சத்தமும் கேட்டன. தூரத்தில் பாண்ட் வாத்தியம் தொடங்கிவிட்டது. பவனி கோயிலை விட்டு வெளிக்கிட்டுவிட்டது.

முதல் கிளாஸைக் குடித்தேன். லேசாக இருந்தது, வாயில் பட்டதும் போய்விட்டது. இது லாகர், சந்தேகமே இல்லை. இரண்டாவதும் லேசாகத்தான் இருந்தது. ஸ்ட்ரோங் பியர் என்றால் தொண்டையில் ஒரு சூடு தெரிய வேண்டும், அது இல்லை. காலையிலிருந்து மிளகாய்ப் புகையில் நின்று என் நாக்கு செத்துவிட்டதோ என்று பயந்தேன். மூன்றாவது இன்னும் தண்ணீராக, பல் கூசும் குளிராக இருந்தது. கோப்பி வாசமும் இல்லை, கசப்பும் இல்லை.

“சொல்லுங்கோ தங்கச்சி, எது ஸ்டவுட்?”

“ரெண்டாவதெண்டு சொல்லுங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். வாத்தியச் சத்தம் எங்கள் தெருப் பக்கம் திரும்பிவிட்டது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அந்த ருசியை எனக்குத் தெரியும். உடம்பில் உயிரில்லாமல் கிடந்த நாட்களில் என்னை எழுப்பி உட்கார வைத்த ருசி அது. அது எந்தக் கிளாஸிலும் இல்லை.

“இதில ஸ்டவுட்டும் இல்லை, ஸ்ட்ரோங்கும் இல்லை. மூண்டும் உங்கட லாகர்தான். நடுக் கிளாஸைக் கணவாய் திண்ட கையால பிடிச்சிருக்கிறீங்கள், விளிம்பெல்லாம் எண்ணெய் வாசம். கடைசிக் கிளாஸில ஐஸ்.”

துவாயைக் கழற்றினேன். அக்கா மேசையில் இருந்த ஸ்டவுட் போத்தலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

“இஞ்ச பாருங்கோ, மூடியே திறக்கேல்லை!”

ஹோல் அதிர்ந்தது. முதலில் கைதட்டியவர் யார் தெரியுமா? காலையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்ற என் கணவர்! அத்தானின் நண்பர்களே அவரைப் பிடித்து உலுக்கி, “மச்சான், எழும்பு, சட்டி காயுது” என்று கலாய்த்தார்கள். அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மனுசன் சொல் தவறவில்லை. முகம் சிவந்துபோய், “சரி, தோத்துப்போனன்” என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். என் கணவரும் பின்னால் போனார்.

நாங்கள் பெண்கள் எல்லோரும் எண்ணெய் மணக்கிற உடுப்போடு வாசலுக்கு ஓடினோம். மாமியை நானும் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனோம். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். என் மகள் ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்த்துத் தேடிக்கொண்டே வந்தாள். என்னைக் கண்டதும் பூத் தூவ மறந்துவிட்டாள். பிறகு கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, சொரூபத்துக்குப் போட வேண்டிய பூவை எங்கள் பக்கம் வீசினாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே அழுதேன்.

உள்ளே வந்தபோது வீடெல்லாம் புகை. அத்தான் பொரித்த கணவாய் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை, சொல்ல முடியாதபடி எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். அத்தான் கரி பூசிய கையோடு வந்து, அந்த ஸ்டவுட்டைத் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றினார். ஐஸை எடுக்கப் போன கையைத் தானே இழுத்துக்கொண்டார்.

“தங்கச்சிக்கு ஐஸ் வேண்டாம் என்ன?” என்று கிளாஸை என்னிடம் நீட்டினார்.

அப்போது கதிரையில் இருந்த மாமி மெதுவாகச் சொன்னார், “எனக்கும் அதில கொஞ்சம் ஊத்து மகன். மருந்துக்கில்லை.”

அத்தான் வாயைப் பிளந்தபடி தாயைப் பார்த்தார். அந்த வீட்டில் எத்தனையோ பிள்ளைப்பேறுகளுக்கு அந்தக் கறுப்பைக் கலக்கிக் கொடுத்தவர் மாமி. அவருக்கும் அது பிடிக்கும் என்று அன்று வரை ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இப்போது பவனி நேரத்தில் அந்த வீட்டு அடுப்படியில் ஆண்கள்தான் நிற்கிறார்கள், கணவாயும் கொஞ்சம் மெதுமையாகியிருக்கிறது. எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று வேறு யாராவது தீர்மானிக்க வந்தால், வாசலில் நின்ற என் மேல் வந்து விழுந்த அந்த ஒரு பிடி பூ ஞாபகம் வரும். உடனே வாயைத் திறந்து என் விருப்பத்தை நானே சொல்லிவிடுவேன், பக்கத்தில் இன்னொரு பெண் பேசாமல் இருந்தால் அவளுக்கு எது பிடிக்கும் என்றும் கேட்டுவிடுவேன்.