வலை இல்லாத கடல்

காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உள்ளே போனால், அங்கே இரவாக இருந்தது. கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தின் நடுவில், ஜன்னல்களை அடைத்து, ஏசி போட்டு, ஒரு கப்பலின் பிரிட்ஜை, அதாவது மேலே நின்று கப்பலை ஓட்டுகிற அறையை, அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். சுக்கான் இருக்கிறது, ரேடார் இருக்கிறது, சுற்றிவரத் திரையில் கடல் அசைகிறது. நிற்பது சீமெந்துத் தரையில் என்று தெரிந்தாலும், கொஞ்ச நேரத்தில் கால்கள் தாமாகவே அகட்டிக்கொள்ளும். சிமுலேட்டர் என்று பெயர். அதில் கப்பலை ஓட்டிக் காட்டினால்தான் மூன்றாம் அதிகாரிக்கான சான்றிதழ் கிடைக்கும். அது கிடைத்தால் என்னை எடுப்பதாக ஒரு கப்பல் கம்பனி சொல்லியிருந்தது. முதல் தடவை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த இயந்திரத்தை நான் வீணாகக் குறை சொல்ல மாட்டேன். நடுக்கடலில் சுக்கான் இறுகிப்போனால் என்ன செய்வது, மூடுபனியில் எதிரே கப்பல் வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் முதன்முதலாக உண்மையான கடலில் கற்றுக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது. பயிலுநராகக் கப்பலில் ஓடிய காலத்தில் படிக்காத பலதை அந்த இருட்டறையில்தான் படித்தேன். என் கோபம் வேறு.

பரீட்சையன்று என் கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் ஆழம் குறைந்த தண்ணீர். இடது பக்கம் வெளியே போகும் கப்பல்களின் பாதை. நேர் முன்னால் இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்தன. ஒன்று கொஞ்சம் உயரத்தில், மற்றது தண்ணீரோடு ஒட்டினாற்போல. இரண்டுக்கும் நடுவில் ஒரு கப்பல் தாராளமாகப் போகலாம்.

நான் கற்பிட்டிப் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் படகில் ஒரு விளக்கு இருக்கும், வலையின் அடுத்த நுனியில் மிதவையோடு இன்னொரு விளக்கு இருக்கும். முதல் விளக்கைக் கண்டவுடன் கண் தானாக இரண்டாவதைத் தேடும். அது அகப்பட்டுவிட்டால், நடுவில் கிடப்பது ஒருவனுடைய வலை. அதற்குள்ளால் போவது அடுத்தவன் சோற்றுக் கோப்பையில் காலை வைப்பது மாதிரி. எவ்வளவு அவசரமென்றாலும் ஒருவரும் போகமாட்டார்கள். மீன் பிடிக்கிற படகு வெள்ளைக்கு மேலே சிவப்பும் ஏற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது எனக்கும் மனப்பாடம். ஊரில் எத்தனை பேர் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள், எல்லோரும் வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

வேகத்தைக் குறைத்தேன். போதவில்லை. இடது பக்க விளக்கைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று கப்பலை அந்தப் பக்கம் திருப்பினேன். எதிர்ப் பாதையில் ஓர் எண்ணெய்க் கப்பல் வந்துகொண்டிருந்தது. அலாரம் அடித்தது, திரை அப்படியே நின்றது, அறையில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பரீட்சகர் ஓய்வுபெற்ற கப்டன். பொல்லாத மனிதர் அல்ல, சத்தம் போடவும் இல்லை. ஏன் திரும்பினாய் என்று கேட்டார். வலை கிடந்தது என்றேன். எந்த வலை என்று கேட்டார். என்னைத் தன்னுடைய மேசைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்த திரையில் அந்தக் கடலை மேலிருந்து காட்டினார். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கும் இரண்டு சின்னப் படகுகள், அவ்வளவுதான். சிவப்பு விளக்கு இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லாத ஒரு வலைக்காக, உள்ளே ஆட்கள் இருக்கிற கப்பலை எண்ணெய்க் கப்பலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய் என்றார். அவர் சொன்னது சரி. எண்ணெய்க் கப்பல் விஷயத்தில் பிழை என்னுடையதுதான்.

ஆனால் ஒன்று கேட்டேன். இந்தக் கடலில் ஒரு வலையைப் போட்டுக் காட்ட முடியுமா? சிமுலேட்டர் கணினியை இயக்குகிறவர் தேடினார். நல்ல மனிதர், பொறுமையாகத் தேடினார். திமிங்கிலம் இருந்தது. தண்ணீரில் விழுந்து மிதக்கிற கொள்கலன் இருந்தது. ஹெலிகொப்டர் இருந்தது, பறவைகள்கூட இருந்தன. வலை இல்லை. மீன்பிடிப் படகுகள் விதம்விதமாக இருந்தன, எல்லாம் கடலுக்குக் காற்று வாங்க வந்தவை. பறவை வைக்கத் தோன்றியவர்களுக்கு ஒரு வலை வைக்கத் தோன்றவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அறையில் படித்துவிட்டுப் போகிறவர்கள்தானே நாளைக்கு எங்கள் கடலால் போகப்போகிறார்கள்.

அடுத்த மாதம் திரும்ப வா, இரண்டு விளக்குக்கும் நடுவால் நேரே போ, அதுதான் சரியான பாதை என்று கப்டன் சொல்லி அனுப்பினார். ஊருக்குப் போகிற பஸ் மதுரங்குளியைத் தாண்டும்வரை அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே போனேன். எல்லாச் சண்டையிலும் நானே வென்றேன்.

அண்ணன் கரையில் படகுக்குள் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். அது புது வலை. பழையதை முந்தின வருடம், தலவிலத் தேவாலயத் திருநாளுக்கு முந்தின கிழமை, பொழுதுபடுகிற நேரத்தில் ஒரு கப்பல் கிழித்துக்கொண்டு போனது. அண்ணன் டோர்ச் அடித்தார், கத்தினார், சட்டையைக் கழற்றி வீசினார். கப்பல் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. மிஞ்சிய கயிற்றை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தவர், அன்றிலிருந்து தூரத்தில் எந்தக் கப்பலைக் கண்டாலும் அந்தப் பக்கம் திரும்பித் துப்புவார். கப்பலின் மேலே நின்று ஓட்டியவன் கண்டான், கண்டுகொண்டேதான் போனான் என்பது அவர் முடிவு. அந்த முகம் தெரியாத மனிதனை அவர் திட்டாத நாள் இல்லை.

அதனால், என் கதையைக் கேட்டதும் அவரும் என்னோடு சேர்ந்து குதிப்பார் என்று நினைத்தேன். அவர் வலையை ஏற்றுவதை நிறுத்தவில்லை.

“அங்கதான் வலை இல்லையே தம்பி. நடுவால போ. பாஸ் பண்ணு. மேல நிக்கிறவங்கள்ல ஒருத்தனுக்காவது எங்கட லைட் தெரிஞ்சிருக்கோணும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வலையைக் காப்பாற்றுகிற இடத்துக்கு ஏற வேண்டுமென்றால், முதலில் வலைக்கு மேலால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அடுத்த மாதம் ஓட்டிக் காட்டினேன். அதே துறைமுகம், அதே இரண்டு விளக்குகள். சுக்கானைப் பிடித்தவரிடம் நேரே பிடிக்கச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. விளக்குகள் மெல்ல விலகி, ஆளுக்கொரு பக்கமாக வந்து, பின்னால் போய்விட்டன. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. விளக்கைப் போட்டதும் கப்டன் வந்து தோளில் தட்டினார்.

“பார்த்தாயா, ஒன்றும் நடக்கவில்லைதானே?” என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையான சந்தோஷத்தோடுதான் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

வெளியே வந்து அண்ணனுக்கு போன் எடுத்தேன். பாஸ் என்றேன். அவர் அந்தப் பக்கம் யாருக்கோ உரக்கச் சொல்வது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நடுவாலயா போன?”

ஓம் என்றேன்.

“போகக்க மேல நிண்ட உனக்கு ஏதும் தெரிஞ்சுதா? ஒரு இழுப்பு, ஒரு சத்தம்?”

அது வெறும் திரை, அங்கே எதுவும் தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் நான் உண்மையான கப்பலிலும் நின்றவன். அந்த உயரத்தில், அந்த எஞ்சின் ஓடும்போது, நைலோன் வலை ஒன்று அடியில் போனால் மேலே ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட ஆடாது. அதைச் சொன்னேன்.

“அப்ப அவனுக்கும் தெரிஞ்சிருக்காது” என்றார். குரலில் துளியும் கோபம் இல்லை. இவ்வளவு நாளும் ஒருவனை அநியாயமாகத் திட்டிவிட்டோமே என்கிற வருத்தம்தான் இருந்தது.

அண்ணன் மன்னித்துவிட்டார். அவனுக்குப் படிப்பித்தவர்களை மன்னிக்க என்னால் முடியவில்லை. அந்த மனிதனையும் ஏதோ ஓர் இருட்டறையில் வைத்து, அவனுடைய தோளிலும் தட்டித்தான் அனுப்பியிருப்பார்கள்.