தாலியில் ஒட்டிய பாதரசம்

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். பாதரசம் பற்றிய வகுப்பு என்றால் எனக்கு உற்சாகம் கூடிவிடும். இரும்பும் செம்பும் கட்டியாகக் கிடக்கும்போது இது ஒன்று மட்டும் ஏன் தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு நானே சொல்வேன். பாதரச அணுவின் கரு கனமானது. அதன் இழுப்புக்கு ஈடுகொடுக்க, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓட வேண்டியிருக்கிறது. அந்த வேகத்தில் அவற்றின் நிறை கூடும், அவை உலவும் இடம் சுருங்கும். சுருக்கம் வெளிச்சுற்றுவரை பரவி, கடைசி இரண்டு எலக்ட்ரான்களையும் கருவோடு இழுத்துக்கொள்ளும். பக்கத்து அணுவோடு பகிர்ந்துகொள்ள எதுவும் மிஞ்சாது. அதனால்தான் பாதரச அணுக்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதில்லை. பிடி தளர்ந்திருப்பதால் சுலபமாக ஆவியாகவும் செய்யும் என்கிற கடைசி வரியை, மணி அடிக்கிற அவசரத்தில் முணுமுணுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்ததால் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மூடப்பட்ட ஒரு கிளினிக்கிலிருந்து பழைய பாதரசக் கருவி ஒன்றை வாங்கி வந்தேன்.

"பட்டனை அமுக்குனா நம்பர் காட்டுமே, அது வாங்கியிருக்கலாம்ல?" என்றாள்.

"அது பொய் சொல்லும். பாதரசம் பொய் சொல்லாது" என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். நாங்கள் குடியிருந்த ராஜபாளையம் கொதித்துக்கொண்டிருந்தது. காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், மேஜையிலிருந்து விழுந்த கருவி உடைந்து கிடக்கிறது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. அவள் தரையில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளில் பாதரசத்தை விரலால் தள்ளிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்களேன், எம்புட்டு அழகா உருளுது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தவளின் கழுத்திலிருந்து தாலி தொங்கி, தாளில் திரண்டு கிடந்த பாதரசத்துக்குள் தோய்ந்தது.

"ஏட்டி, எந்திரி! வெளிய வா!"

அப்படி ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வந்ததே இல்லை. விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, அவளைக் கொல்லைக்கு இழுத்துப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். அப்போதுதான் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மஞ்சளாக இருந்த தாலியின் கீழ்ப்பாதி ஈயம் போல வெளுத்திருந்தது.

"என்னங்க, தாலி வெளுத்துப்போச்சு."

"தங்கத்துல பாதரசம் ஒட்டிக்கிட்டா அப்பிடித்தான் ஆகும். அதக் கழட்டு."

"எத?"

"தாலிய."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு இருக்கவளத் தாலியக் கழட்டச் சொல்லுதீங்களா? உங்களுக்கு ஒண்ணு ஆயிருமோன்னு எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. அதுல இருந்து ஆவி வருது. கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. உன் மூக்குக்கு ஒரு சாண் கீழ தொங்குது. நீ இழுக்குற மூச்சு ரெண்டு பேருக்கும்ல போகுது."

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "மஞ்சக் கயிறு வாங்கிட்டு வாங்க. அதக் கட்டுன பொறவு கழட்டுதேன்" என்றாள்.

தெருமுனைக் கடைக்கு ஓடினேன். கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து, கொல்லையில் துவைகல் பக்கத்தில் நின்று அவளுக்கு இரண்டாம் முறையாகத் தாலி கட்டினேன். மூன்றாவது முடிச்சு மட்டும் விழவேயில்லை. அவளே பின்னால் கைவிட்டு நுனியை இழுத்துக் கொடுத்தாள். பிறகு தாலி கோத்திருந்த சங்கிலியைக் கழற்றி, மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் போட்டாள்.

அவளைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். துடைப்பத்தைத் தொடக்கூடாது, தொட்டால் துளி துளியாகச் சிதறி மூலைமுடுக்கெல்லாம் போகும். டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து, மின்னுகிற ஒவ்வொரு மணியையும் கெட்டி அட்டையால் தள்ளி எடுத்தேன். பொடிமணிகளை ஒட்டும் டேப்பில் ஒற்றினேன். ஒன்றை எடுத்தால் அது இரண்டாகப் பிரிந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. வகுப்பில் நான் ரசித்துச் சொன்ன அந்தத் தளர்ந்த பிடி கண் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கி அடக்கி எடுத்தேன். இந்தக் காற்றைத்தான் எவ்வளவு நேரம் இழுத்திருப்பாள் என்று அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "கையில பட்டது பெரிசில்ல. மூச்சுல எம்புட்டு போச்சுன்னுதான் தெரியணும். ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவோம்." "பிள்ளைக்கு..." என்று நான் இழுத்தேன். "ரிசல்ட் வரட்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

காத்திருந்த நாட்களில் வீட்டில் இரண்டு பயங்கள் குடியிருந்தன. நான் மணிக்கொரு தடவை "அசையுதா?" என்று கேட்பேன். அவளோ நான் கல்லூரிப் பஸ்ஸில் ஏறும்வரை வாசலில் நின்று பார்ப்பாள். இறங்கியதும் போன் செய்யச் சொல்வாள்.

தாலியைச் சுத்தம் செய்ய, நகை செய்யும் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். "இதுக்குப் போயி பயப்படுதீங்களே. தீயில காட்டுனா பறந்துரும் சார்" என்று குழலைப் பற்றவைத்தார். பறந்து எங்கே போகும், அவருடைய நெஞ்சுக்குள்தானே. புட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். எத்தனையோ முறை இப்படிச் செய்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே தீயை அணைத்தார். கடைசியில் கல்லூரி ஆய்வகத்தில், புகையை வெளியே இழுக்கும் கூண்டுக்குள் வைத்து அமிலத்தில் கழுவினேன். மஞ்சள் நிறம் திரும்பியது. கீழ்ப்பாதி மட்டும் அரித்தது போலச் சொரசொரப்பாக இருந்தது.

"தங்கம் மஞ்சளா இருக்கதும் அந்த எலக்ட்ரான் வேகத்தாலதான். இல்லன்னா வெள்ளி மாதிரி வெளுத்துத்தான் இருக்கும்" என்றேன், அவளைத் தேற்றுவதாக நினைத்து.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். பிள்ளை நல்லா இருக்கும்னு சொல்லுங்க" என்றாள். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது இரண்டு வகுப்புகளுக்கு நடுவே இருந்தேன். அளவு பயப்படும்படி இல்லை என்றார் டாக்டர் போனில். வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆடியில் பெண் பிறந்தாள். அழுதாள், பால் குடித்தாள், எல்லாம் சரியாக இருந்தது. பாதரசம் பிள்ளையின் மூளையைத் தொட்டால் காதும் பேச்சும் தடைபடலாம் என்று படித்திருந்ததால், என் பயம் மட்டும் இறங்கவில்லை. தொட்டிலுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பேன். திரும்பினால்தான் மூச்சு வரும். ஒன்றரை வயது தாண்டியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சில பிள்ளைகள் அப்படித்தான் என்றார் டாக்டர். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை.

இரண்டு வயது ஆகப்போகும் சமயம். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் என் மடியில் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தோப்போரம் ஒரு மாடு நின்றது. "மா... மாடு" என்றாள். என் மனைவி அவள் வாயையே பார்த்து, "இன்னொரு தடவை சொல்லு, ராசாத்தி" என்றாள். அவள் மறுபடி சொன்னாள். ஊர் வந்து சேரும்வரை நாங்கள் மாடு தேடிக்கொண்டே போனோம்.